பகுதிநேர நீதிபதிகளுக்கு ஊதியம் நிர்ணயித்தல்

பகுதிநேர நீதிபதி என்பவர், நீதி வழங்குவதை முழுநேரப் பணியாகக் கொள்ளாமல், குறிப்பிட்ட நாட்களில் அல்லது குறிப்பிட்ட வழக்குகளுக்கு மட்டும் அமர்ந்து விசாரிப்பவர். வக்கீலாகத் தொழில் செய்துகொண்டே ஆண்டில் சில வாரங்கள் நீதிபதியாக அமர்பவர், ஓய்வுபெற்ற பின் மீண்டும் அழைக்கப்படும் நீதிபதி, நுகர்வோர் மன்றத்தின் பகுதிநேர உறுப்பினர், மக்கள் நீதிமன்ற அமர்வில் உட்காரும் சமூக சேவகர் ஆகிய அனைவரையும் இந்தத் தலைப்பின் கீழ்ச் சேர்த்துப் பார்க்கலாம். இவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது, எந்த அளவுகோலால் கொடுப்பது, அதை யார் முடிவு செய்வது என்பவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இது கணக்குப் பிரிவு சம்பந்தப்பட்ட சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் முழுநேர நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவும் பகுதிநேர நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவும் கட்சிக்காரரை ஒரே அளவில்தான் கட்டுப்படுத்துகின்றன. பாதி நேரம் அமர்ந்தவர் தந்தது என்பதற்காக யாருடைய வீட்டு ஜப்தியும் பாதியாவதில்லை. ஆகவே அந்த நாற்காலியில் எத்தகைய ஆள் வந்து உட்காருவார் என்பதைத் தீர்மானிக்கும் ஊதியம், வழக்காடுபவரின் கவலையும் ஆகும்.

தென்காசியில் அமர்பவர்கள்

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. தேசிய அளவில் மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாட்களில் தென்காசி, சங்கரன்கோவில், செங்கோட்டை போன்ற ஊர்களின் நீதிமன்ற வளாகங்களில் விபத்து இழப்பீடு, காசோலை, வங்கிக் கடன், குடும்பச் சொத்து ஆகிய வழக்குகள் சமரசத்துக்கு எடுக்கப்படும். ராஜபாளையம், கடையநல்லூர் வழியாகக் கொல்லத்துக்குப் போகும் சாலையில் நடக்கும் விபத்துகள் இந்தப் பட்டியலில் தவறாமல் இருக்கும்.

மக்கள் நீதிமன்றங்கள் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இயங்குகின்றன. அச்சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 19ஆம் பிரிவின்படி பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர்களோடு பிறரும் அமர்வில் இடம்பெறுவர். நடைமுறையில் அந்தப் பிறர் வக்கீலோ சமூகப் பணியாளரோ ஆக இருப்பார். 21ஆம் பிரிவின்படி அங்கே எட்டப்படும் முடிவு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம். அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சாதாரண மக்கள் நீதிமன்றம் தானாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதைத்தான் பதிவு செய்யலாம். பஞ்சாப் மாநிலம் எதிர் ஜலோர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவாக்கியது. ஆனால் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த நிரந்தர மக்கள் நீதிமன்றம் அப்படியல்ல. போக்குவரத்து, மின்சாரம், தபால், மருத்துவமனை, காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் தொடர்பான தகராறில் சமரசம் ஏற்படாவிட்டால் அது தானே தீர்ப்பளிக்கலாம். அதன் தலைவர் மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவர் அல்லது இருந்தவர். மற்ற இரு உறுப்பினர்கள் அந்தச் சேவைகளில் அனுபவம் உள்ளவர்கள். அவர்கள் நீதிபதிகளாக இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்புக்கும் மேல்முறையீடு இல்லை. அதன் பண வரம்பு 10 லட்சத்தில் தொடங்கி இன்று ஒரு கோடி ரூபாய்.

மேல்முறையீடு இல்லாத உத்தரவில் கையெழுத்திடும் ஒருவருக்கு நாம் தருவது மதிப்பூதியம். நீதிபதிக்குச் சம்பளம் உண்டு. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அமர்வுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை.

சம்பளமும் மதிப்பூதியமும்

சம்பளம் என்பது வேலையின் விலை. அதற்கு ஊதிய விகிதம், அகவிலைப்படி, ஆண்டு உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் தொடர்ந்து வரும். மதிப்பூதியம் என்ற சொல்லில் ஊதியம் இருந்தாலும் அது வேலையை அளந்து தரும் தொகை அல்ல; வந்து உட்கார்ந்ததற்கு மரியாதையாகத் தருவது. எனவே அதை உயர்த்த யாருக்கும் கடமை இல்லை. விலைவாசி ஏறினால் தானாக ஏறவும் ஏறாது.

பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாட்கள் வேலை என்பது ஏற்பாடு. அந்தத் தொகை 10,000 ஆவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 12,500 ஆயிற்று. ஒவ்வொரு உயர்வும் கோரிக்கை, போராட்டம், அறிவிப்பு என்ற வழியில்தான் வந்தது. முழுநேர ஆசிரியரின் சம்பளத்தில் இத்தனையில் ஒரு பங்கு என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தால் அந்த வழி தேவைப்பட்டிருக்காது. பகுதிநேர நீதிபதியின் ஊதியத்திலும் அடிப்படைக் கேள்வி இதுதான்: முழுநேரச் சம்பளத்தோடு அது கணக்கால் இணைக்கப்பட்டுள்ளதா, அல்லது தனியே தொங்குகிறதா?

ஊதியமில்லா நீதிபதிகளின் காலம்

சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ தலைமையிலான நீதித்துறைக் குழுவின் பணியை ஒட்டி 1816இல் வந்த ஒழுங்குவிதிகள் கிராமத் தலைவரையே கிராம முன்சீப்பாக ஆக்கின. சிறு தொகை வழக்குகளை அவர் தீர்த்து வைக்கலாம். பின்னர் 1889ஆம் ஆண்டின் முதலாம் சட்டமான சென்னைக் கிராம நீதிமன்றங்கள் சட்டம் இந்த அதிகாரத்தை ஒழுங்குபடுத்தியது. தென்காசி வட்டாரமும் இந்த ஏற்பாட்டின் கீழ் இருந்தது. சில மைல் தள்ளியிருந்த செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் (அது தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று) அங்கே இச்சட்டம் செல்லாது.

கிராம முன்சீப்பின் முதல் வேலை வரி வசூல். நீதி வழங்குவது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பொறுப்பு. பதவி பரம்பரையாக வந்தது. ஊரில் நிலமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும். அதே குடும்பத்தின் மீது குத்தகைதாரருக்கு வழக்கு இருந்தால் அவர் எங்கே போவார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். 1980 நவம்பரில் தமிழக அரசு கிராம அதிகாரிகளின் பழைய பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒழிப்புச் சட்டம் செல்லும் என்றது. இன்றைய கிராம நிர்வாக அலுவலருக்கு நீதி வழங்கும் அதிகாரம் இல்லை.

நகரங்களில் இதற்கு இணையாக இருந்தவர் ஆனரரி மாஜிஸ்திரேட் எனப்பட்ட கௌரவ நீதிபதி. பெயரிலேயே சம்பளம் இல்லை என்பது இருந்தது. வணிகர், மிராசுதார், ஓய்வுபெற்ற அதிகாரி போன்றவர்களே அப்படி அமர முடிந்தது. அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார முடியுமா? இங்கிலாந்தில் இன்றும் சிறு குற்ற வழக்குகளைச் சம்பளமில்லா மாஜிஸ்திரேட்டுகளே பெருமளவில் விசாரிக்கிறார்கள். ஆனால் பயணச் செலவும், வேலைக்குப் போகாததால் இழந்த வருமானத்துக்கு ஈட்டுப்படியும் அங்கே கோரலாம். அந்த ஈட்டுப்படி இல்லாவிட்டால் வசதி படைத்தவர்கள் மட்டுமே நீதிபதிகளாக மிஞ்சுவார்கள் என்பதை அந்த நாடு உணர்ந்திருக்கிறது.

வழக்குக்கு இவ்வளவு என்று கொடுத்தால்

சம்பளம் வேண்டாம், தீர்க்கும் வழக்கின் எண்ணிக்கைப்படி கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். இதன் அபாயத்தைக் காட்டப் பலரும் எடுத்துக்காட்டும் வழக்கு அமெரிக்காவில் நடந்தது. ஓஹியோ மாநிலத்தின் நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரின் மேயர், மதுவிலக்கு வழக்குகளில் நீதிபதியாகவும் அமர்ந்தார். குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் செலவுத் தொகையிலிருந்து அவருக்குக் கட்டணம் கிடைக்கும். விடுதலை செய்தால் ஒன்றும் கிடைக்காது. எட் டூமி என்பவருக்கு 100 டாலர் அபராதம் விதித்தபோது மேயருக்கு 12 டாலர் சேர்ந்தது. டூமி மேல்முறையீடு செய்தார். 1927இல் தலைமை நீதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் தலைமையிலான அமெரிக்க உச்ச நீதிமன்றம், தண்டித்தால் மட்டும் பணம் பெறும் ஒருவர் முன் நிறுத்தி விசாரிப்பது முறையான விசாரணை ஆகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த மேயர் நேர்மையானவரா என்பதை நீதிமன்றம் ஆராயவே இல்லை. சராசரி மனிதனைச் சபலப்படுத்தக்கூடிய ஏற்பாடு என்பதே போதுமானதாக இருந்தது.

தண்டனைக்கு மட்டும் என்று இல்லாமல் எந்த முடிவுக்கும் ஒரே கட்டணம் என்று வைத்தாலும் வேறொரு சிக்கல் வரும். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் ஒரு தாளுக்கு இவ்வளவு என்றுதான் பணம் தருவார்கள். கூடவே ஒரு நாளைக்கு இத்தனை தாளுக்கு மேல் ஒருவர் திருத்தக் கூடாது என்ற வரம்பும் உண்டு. வரம்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது முகாமில் உட்கார்ந்த எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மாணவன் எழுதிய இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்ப மாட்டார்கள்.

அமர்வுக்கு இவ்வளவு என்பது எதிர்த் திசையில் இழுக்கும். தனியார் நடுவர் தீர்ப்பில் இந்தியா இதைப் பட்டறிந்தது. அமர்வுக் கட்டணம் பெறும் நடுவரிடம் வழக்கு வாய்தா வாய்தாவாக நீண்டது, செலவு பெருகியது. சட்ட ஆணையத்தின் 246ஆவது அறிக்கை (2014) இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நடுவர் சட்டத்துக்கு நான்காம் அட்டவணை சேர்க்கப்பட்டது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு 45,000 ரூபாய் என்று தொடங்கி, எவ்வளவு பெரிய வழக்கானாலும் 30 லட்சம் என்ற உச்சவரம்போடு அது நிற்கிறது. 2022 ஆகஸ்டு 30 அன்று ஓ.என்.ஜி.சி. எதிர் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது: நடுவர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே ஒருதலைப்பட்சமாக நிர்ணயித்துக்கொள்ள முடியாது.

எந்த எண்ணால் வகுப்பது?

முழுநேர நீதிபதியின் சம்பளத்தில் ஒரு பங்கு என்று முடிவு செய்துவிட்டால் மீதி எளிது என்று நினைக்கலாம். உண்மையில் இங்கேதான் பெரும் வேறுபாடு நுழைகிறது. நாட்கணக்கில் அமர்பவருக்கு ஆண்டுச் சம்பளத்தை எத்தனை நாட்களால் வகுப்பது?

உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி மாதம் 2,25,000 ரூபாய், ஆண்டுக்கு 27,00,000. இதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 7,397 ரூபாய். ஆனால் உயர் நீதிமன்றங்கள் ஆண்டுக்குச் சுமார் 210 நாட்கள்தான் அமர்கின்றன. 210ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 12,857 ரூபாய். ஒரே சம்பளம், ஒரே வேலை. வகுக்கும் எண் மாறியதும் 5,460 ரூபாய் வித்தியாசம்.

எது சரி? முழுநேர நீதிபதிக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் கோடை விடுமுறைக்கும் சேர்த்தே சம்பளம் வருகிறது. அந்த விடுமுறை அவர் அமர்ந்த நாட்களால் ஈட்டியது. மேலும் அமராத நாட்களிலும் அவர் கட்டுகளைப் படிக்கிறார், தீர்ப்பு எழுதுகிறார். எனவே அமரும் ஒரு நாளின் உண்மையான விலை 210ஆல் வகுத்துக் கிடைப்பதே. குற்றாலத்தைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவரும் தற்காலிகக் கடை போடுபவரும் அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு வாங்கும் பணத்தை, வருடம் முழுவதும் கடைத்தெருவில் வேலை செய்பவரின் தினக் கூலியோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. சீசன் நாளின் வருமானம் சீசனில்லாத நாட்களையும் சுமந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் கட்டண அடிப்படையில் அமரும் நீதிபதிகளுக்கு இந்த முறைதான். அதே நிலையில் உள்ள முழுநேர நீதிபதியின் ஆண்டுச் சம்பளத்தைப் பெரும்பாலும் 210 முதல் 220 வரை உள்ள ஓர் எண்ணால் வகுத்து நாள் கட்டணம் கணக்கிடப்படுகிறது. முழுநேரச் சம்பளம் உயரும்போது நாள் கட்டணமும் கூடவே உயரும். இதன் பிறகும் தகராறு தீர்ந்துவிடவில்லை. வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதும் நேரத்துக்குத் தனி ஊதியம் உண்டா என்பது அங்கே பல கோரிக்கைகளுக்கு இடமளித்தது.

ஓ'பிரையன் வழக்கு

நாள் கட்டணம் சரியாக இருந்தாலும் ஓய்வூதியம்? டெர்மாட் ஓ'பிரையன் என்ற ஆங்கிலேய வக்கீல் 1978 முதல் 2005 வரை ரெக்கார்டர் எனப்படும் பகுதிநேர நீதிபதியாக அமர்ந்தார். அதே நீதிமன்ற வேலையைச் செய்யும் முழுநேர நீதிபதிக்கு ஓய்வூதியம் உண்டு, ரெக்கார்டருக்கு இல்லை. பகுதிநேரப் பணியாளர்களை முழுநேரப் பணியாளர்களைவிடத் தாழ்வாக நடத்தக் கூடாது என்ற ஐரோப்பிய விதி இருந்தபோதும், இங்கிலாந்தின் 2000ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கட்டண நீதிபதிகளை மட்டும் விலக்கி வைத்திருந்தன. நீதிபதிகள் பதவி வகிப்பவர்கள், பணியாளர்கள் அல்லர் என்பது அரசின் வாதம்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2012 மார்ச்சு 1 அன்றும், இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2013 பிப்ரவரி 6 அன்றும் இதில் தீர்ப்பளித்தன. தன் சுதந்திரத்துக்கு எந்தக் குறைவும் இல்லாமலே ஒரு நீதிபதி பணியாளராகவும் இருக்க முடியும். செலவு மிச்சமாகும் என்பது மட்டுமே பாகுபாட்டுக்குக் காரணம் ஆகாது என்பது முடிவு. 2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை தீர்ப்பளித்து, ஐரோப்பிய விதி நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய பணிக்காலத்தையும் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. ஒரு வக்கீல் தொடுத்த வழக்கால் கட்டண நீதிபதிகளுக்கென்று தனி ஓய்வூதியத் திட்டமே உருவானது.

ஓய்வுபெற்றவரை மீண்டும் அழைத்தல்

இந்தியாவில் இதே கணக்கு தலைகீழாக வருகிறது. இங்கே பெரும்பாலும் ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குபவரே அழைக்கப்படுகிறார். அரசமைப்பின் 224ஏ பிரிவு, 1963ஆம் ஆண்டின் 15ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. இதன்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியை மீண்டும் அமரும்படி கேட்கலாம். அவர் சம்மதிக்க வேண்டும், கட்டாயமில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக இப்பிரிவு மிக அரிதாகவே பயன்பட்டது. அந்தச் சில எடுத்துக்காட்டுகளில் 1982இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி. வேணுகோபால் நியமிக்கப்பட்டது ஒன்று.

2021 ஏப்ரல் 20 அன்று லோக் பிரஹரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிமுறை வகுத்தது. ஊதியம் பற்றிய விதி எளிமையானது: அந்த நேரத்தில் நிரந்தர நீதிபதி பெறும் ஊதியமும் படிகளும், அதிலிருந்து ஓய்வூதியம் கழித்து. அதோடு, அமரும் காலத்தில் நடுவர் தீர்ப்பு, சட்ட ஆலோசனை போன்ற வேறு சட்டப் பணி எதையும் செய்யக் கூடாது.

முழு ஓய்வூதியம் சம்பளத்தில் பாதி என்பதால், கழித்த பின் கையில் கூடுதலாக வருவது மாதம் 1,12,500 ரூபாய். ஆண்டுக்கு 13,50,000; 210 நாட்களால் வகுத்தால் ஒரு நாளுக்கு 6,429. இதையே ஓய்வுபெற்ற நீதிபதி தனியார் நடுவராகப் பெறக்கூடிய தொகையோடு ஒப்பிட்டால், ஏன் பலர் முன்வருவதில்லை என்பது ஓரளவு புரியும். கழிப்பது தவறு என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு அரசு ஒரே நேரத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் முழுதாகத் தருவதைப் பொதுமக்கள் ஏற்க மாட்டார்கள். ஆனால் வேறு வருமானத்தைத் தடை செய்துவிட்டுக் கழிக்கவும் செய்தால், அது பெரும்பாலும் சேவை மனப்பான்மையை நம்பிய ஏற்பாடாகிவிடுகிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் நியமன நிபந்தனைகளைத் தளர்த்தி, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் நியமிக்கலாம், அவர்கள் பணியிலிருக்கும் நீதிபதியோடு சேர்ந்து குற்றவியல் மேல்முறையீடுகளைக் கேட்கலாம் என்றது. ஊதிய விதியின் அடிப்படை மாறவில்லை.

நுகர்வோர் மன்றங்கள் தந்த பாடம்

குறைந்த ஊதியத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் நன்றாகப் பதிவான சான்று நுகர்வோர் மன்றங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்ட மன்றத்திலும் மாவட்ட நீதிபதித் தகுதியுள்ள தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தனர்; ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தென்காசி தனி மாவட்டமாகும் முன் குற்றாலத்து விடுதியின் மீதோ தென்காசிக் கடையின் மீதோ புகார் உள்ளவர் திருநெல்வேலி மன்றத்துக்குத்தான் போக வேண்டும். உறுப்பினர்களின் சம்பளம் அல்லது மதிப்பூதியத்தை மாநில அரசு நிர்ணயிக்கும் என்று 10ஆம் பிரிவு சொன்னது. அந்த 'அல்லது' என்ற சொல்லுக்குள் பெரிய இடைவெளி இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறியது.

கவனிக்க வேண்டியது, வாக்கில் வித்தியாசம் இல்லை என்பது. கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவே உத்தரவு. அதாவது இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்தால் நீதிபதியான தலைவரைத் தோற்கடித்துவிடலாம்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அரிஜித் பசாயத் குழு நாடெங்கும் உள்ள மன்றங்களை ஆராய்ந்தது. நீதித்துறை சாராத உறுப்பினர்களின் ஊதியம் தகுதியானவர்களை ஈர்க்க முடியாத அளவுக்குச் சொற்பம். அவர்களில் பெரும்பாலோரால் ஒரு சிறு உத்தரவைக்கூட எழுதவோ சொல்லி எழுதவைக்கவோ முடியவில்லை. சிலர் வாரத்தில் ஓரிரு நாட்களே வருகிறார்கள். சில இடங்களில் உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து தலைவருக்கு எதிராகச் சட்டத்துக்கு முரணான உத்தரவு பிறப்பிக்கிறார்கள். குழுவின் இந்தக் கண்டறிதல்களை 2016 நவம்பர் 21 தீர்ப்பில் எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அந்த உறுப்பினர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் மதிப்பூதியத்தில் குடும்பம் நடத்த முடியாது. வேறு தொழில் செய்துகொண்டு வாரத்தில் இரண்டு நாட்கள் எட்டிப் பார்ப்பவரைத்தான் அந்தத் தொகைக்குப் பெற முடியும். தகுதியுள்ளவர் விண்ணப்பிக்க மாட்டார். விண்ணப்பித்தவர்களில் ஒருவரை நியமித்தாக வேண்டும். இழப்பு வழக்காடியவருக்கு. பழுதான குளிர்சாதனப் பெட்டிக்காகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போனவர், உறுப்பினர் வராததால் வாய்தா வாங்கித் திரும்பியிருந்தால், அவருடைய பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் அரசு மிச்சம் பிடித்த மதிப்பூதியத்தின் மறுபக்கம்.

யார் நிர்ணயிப்பது?

முழுநேர நீதிபதிகளைப் பொறுத்தவரை இந்தியாவில் பாதை தெளிவு. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தை 221ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டத்தால் நிர்ணயிக்கிறது. கீழமை நீதிபதிகளுக்கு அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடர்ந்த வழக்குகளின் வழியே முதலில் ஷெட்டி ஆணையமும், பின்னர் நீதிபதி பி. வெங்கடராம ரெட்டி தலைமையில் இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதிய ஆணையமும் அமைந்தன. இரண்டாவது ஆணையத்தின் ஊதிய விகிதங்களை உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் ஏற்றது. அவை 2016 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டன. புதிதாகச் சேரும் உரிமையியல் நீதிபதியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய்.

மக்கள் நீதிமன்ற அமர்வில் உட்காரும் வெளி உறுப்பினருக்கு இப்படி ஓர் ஆணையம் இல்லை. நிர்வாக உத்தரவுதான். என் கருத்தில், அந்தத் தொகையை 77,840 என்ற எண்ணோடு கட்டிவிடலாம். ஆண்டுக்கு 9,34,080, கீழமை நீதிமன்றங்கள் அமரும் நாட்கள் சுமார் 245 என்று கொண்டால் ஒரு நாளுக்கு 3,813 ரூபாய். முழுத் தொகையும் தர வேண்டியதில்லை, சமரசம் மட்டும் செய்பவருக்குப் பாதி, தீர்ப்பளிக்கும் நிரந்தர மக்கள் நீதிமன்ற உறுப்பினருக்கு முழுமை என்றுகூட வைக்கலாம். எந்தப் பங்கு என்பதைவிடப் பங்கு என்ற உறவு இருப்பதே பெரிது. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். மக்கள் நீதிமன்றம் சேவை உணர்வால் நடப்பது, அதில் பணத்தைப் புகுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேவை செய்ய விரும்புபவர் தொகையை வாங்காமல் விடலாம். வாங்கியாக வேண்டிய நிலையில் உள்ள தகுதியானவருக்கு வாசலை அடைப்பதற்கு அது காரணம் ஆகாது.

இறுதியாக ஊதியத்தோடு ஒட்டிய ஒன்று: அடுத்த முறை அழைப்பு வருமா என்பது. பகுதிநேர நீதிபதிக்கு அதுவும் ஒருவகை ஊதியமே. ஸ்காட்லாந்தில் தற்காலிக ஷெரிப் எனப்படும் நீதிபதிகள் ஓராண்டு நியமனத்தில் இருந்தார்கள்; புதுப்பிப்பது அரசின் சட்ட அதிகாரியின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்தும் துறைக்கும் அவரே தலைவர். 1999 நவம்பரில் ஸ்டார்ஸ் எதிர் ரக்ஸ்டன் வழக்கில் இத்தகைய நீதிபதி சுதந்திரமானவர் அல்லர் என்று அங்குள்ள உயர் குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பதவியே பின்னர் ஒழிக்கப்பட்டது. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சிறப்பு நீதித்துறை நடுவர்களை ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மிகாமல் நியமிக்கலாம் என்று 13ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 11ஆம் பிரிவிலும் அந்த ஓராண்டு வரம்பு அப்படியே இருக்கிறது.

நுகர்வோர் வழக்குகளில் மட்டும் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியுள்ளது. குறுகிய காலத்துக்கு நியமிக்கப்படும் உறுப்பினர்களுக்குப் பதிலாக, நிரந்தரமான தீர்ப்பு அமைப்பு ஒன்றை ஏற்படுத்த முடியுமா என்று ஆராயும்படி 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.